ஊஞ்சல் கொக்கியில் ஒரு சைக்கிள் பட்டறை: பஞ்சர் ஒட்டுவதிலிருந்து பிள்ளையோடு ரோட்டில் இறங்குவது வரை

சைக்கிளை இரண்டு கையாலும் நாலு விரல்கடை தூக்கி, அப்படியே தரையில் விடுங்கள். 'தொப்' என்று ஒரே சத்தம் வந்தால் நட்டு போல்ட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறது. 'கடகட'வென்று வந்தால் மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர், பெல் மூடி, இந்த ஐந்தில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. சத்தம் ஹேண்டில் பக்கமிருந்து 'டக்' என்று வந்தால் மட்டும் விஷயம் வேறு. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோர்க்கும் பிரேமும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். அங்கே இருக்கும் கப்பை இறுக்காமல் ஓட்டினால், சில மாதத்தில் உள்ளே இருக்கும் பால்ஸ், அதாவது சின்ன இரும்புக் குண்டுகள், பள்ளம் தோண்டிவிடும்.

ஒரு கருவியும் இல்லாமல் அரை நிமிடத்தில் முடிகிற சோதனை இது. வீட்டுப் பட்டறையை இங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது. கருவிப் பெட்டி அப்புறம் வரட்டும்.

இடமும் கருவியும்

ஆறடிக்கு மூன்றடி இடம் போதும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை பார்ப்பது பழைய வழக்கம். கறுப்பு சைக்கிளுக்கு அது சரிதான். கியர் லீவர், லைட் உள்ள வண்டியைக் கவிழ்த்தால் பாரமெல்லாம் அவற்றின் மேல் இறங்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வண்டியில் காற்றுக் குமிழி இடம் மாறிப் பிரேக் தளர்ந்துபோகும். கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதா? ஒரு நைலான் கயிற்றை அதில் மாட்டி, சீட்டுக்குக் கீழே கோர்த்து, பின்சக்கரம் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி தொங்கவிடுங்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்டாண்டு செய்யும் வேலையில் முக்கால்வாசியை இது செய்துவிடும்.

வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: 8, 10, 13, 14, 15, 17 மி.மீ. ஸ்பேனர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, சக்கரக் கம்பியான போக்ஸை இறுக்கும் போக்ஸ் கீ ஒன்று, மீட்டர் வைத்த தரைப் பம்பு, பஞ்சர் சாமான், கிரீஸ் ஒரு சின்ன டப்பா, செயின் ஆயில், அரை லிட்டர் மண்ணெண்ணெய், கிடைக்காத ஊரில் டீசல், பழைய பனியன் துணி. பழைய கறுப்பு வண்டிகளில் சில நட்டு அங்குலக் கணக்கில் இருக்கும், மி.மீ. ஸ்பேனர் வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும். அதற்கு சைக்கிள் சாமான் கடையில் பல அளவு வாய் வெட்டிய தட்டை ஸ்பேனர் கிடைக்கும், வாங்கி வையுங்கள். நாற்பது சாமான் அடங்கிய பெரிய பெட்டி வேண்டாம். அதில் முப்பது, நீங்கள் தொடாமலே துருப்பிடிக்கும். வேலை வரும்போது அதற்கான கருவியை வாங்குவதே கட்டுபடியாகும்.

பஞ்சர்

காற்று இறங்கினால் உடனே டயரைப் பிரிக்காதீர்கள். முதலில் வால்வு. எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி எழும்பினால் பஞ்சரே இல்லை. சாதாரண சைக்கிள் வால்வில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், கடையில் வால்டியூப் என்று கேட்டால் தருவார்கள். வெயிலில் அது இளகி, பக்கத்து ஓட்டை மேல் ஒட்டாமல் போகும். பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை ஈரப்படுத்தி, ஓட்டையை முழுக்க மூடும் வரை ஏற்றினால் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு என்றால் உள் பின்னைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

வால்வு சரியாக இருந்தால்தான் டயரில் கை வைக்க வேண்டும். மீதிக் காற்றை முழுக்க விட்டுவிட்டு, டயரின் இரு ஓரத்தையும் சுற்றிலும் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்குங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அதனால்தான் டயர் கழற்ற மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஓரம் நடுப் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் அது இறங்காது. அதனால் லீவரை வால்வு பக்கத்தில் முதலில் போடுங்கள். திரும்ப மாட்டும்போது வால்வு பக்கத்தில் முடியுங்கள். ஸ்குரூ டிரைவர் போடவே கூடாது. ஒரு பஞ்சரை ஒட்டப் போய் மூன்றாக்கிக்கொள்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

டியூபை வெளியே இழுத்து, கொஞ்சம் பருமனாகும் அளவுக்குக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் சாண் சாணாக முக்கி நகர்த்துங்கள். குமிழி வந்த இடத்தைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் பெரிய கூட்டல் குறி போடுங்கள். தேய்க்கும்போது நடுவில் இருப்பது அழிந்தாலும் நாலு முனையும் நிற்கும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள்.

ஈரத்தை முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளால் ரப்பரின் கறுப்பு மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்தது போல் ஆகும் வரை தேய்க்க வேண்டும். டியூபின் நீளத்துக்கு ஓடும் வார்ப்புக் கோடு பஞ்சருக்கு அருகில் இருந்தால் அதையும் மட்டமாக்குங்கள். அந்த மேடுதான் பின்னால் காற்று கசிய வழி. சொல்யூஷனை பேட்ச்சைவிடக் கொஞ்சம் அகலமாக, மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். புறங்கை விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. பேட்ச் பிடிக்காமல் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம்தான்: சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டியிருப்பார்கள், அல்லது தேய்த்த இடத்தை எண்ணெய்க் கையால் தொட்டிருப்பார்கள். பேட்ச்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பேனர் பிடியால் அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் கண்ணாடித் தாளை உரிக்க வேண்டாம், உரித்தால் ஓரம் தூக்கும். பழைய டியூபில் வெட்டிய துண்டும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதையும் தேய்த்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் போட்டுக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை. முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது. டியூபின் வால்வை ரிம்மின் வால்வு ஓட்டைக்கு நேராகப் பிடித்து, பஞ்சர் எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று டயரில் அளந்தால் இடம் கிடைத்துவிடும். சீமைக்கருவேல முள் ரப்பருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். ஆள் ஏறி அமர்ந்தால்தான் முனை உள்ளே நீளும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும், முள் தெரியாது. பஞ்சையோ பனியன் துணியையோ உள்பக்கமாகச் சுற்றிலும் ஓட்டுங்கள். இழை சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி, நகவெட்டியால் பிடித்து இழுங்கள்.

ஓட்டை எங்கே விழுந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ரோட்டைப் பார்த்த பக்கத்தில் ஒரே ஓட்டை என்றால் முள் அல்லது கண்ணாடி. பாம்பு கொத்தியது போல அருகருகே இரண்டு என்றால் காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் போக்ஸ் முனை நீண்டிருக்கிறது, அல்லது அந்த முனைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்தால் ஒட்டிப் பயனில்லை, புது டியூப்தான்.

மாட்டும்போது டியூபுக்கு உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கட்டும், முறுக்கிக்கொள்ளாது. கடைசி ஒரு சாணைக் கட்டைவிரலாலேயே ஏற்றுங்கள். பிறகு வால்வை உள்ளே தள்ளி இழுத்துவிட்டு, டயரை இரு பக்கமும் விலக்கிச் சுற்றிலும் பாருங்கள். டியூப் எங்காவது ஓரத்துக்கடியில் மாட்டியிருந்தால் காற்றடித்த சற்று நேரத்தில் வெடிக்கும்.

காற்றின் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். 26×1.95 தடித்த டயருக்கு 35 முதல் 50 பி.எஸ்.ஐ., 700×28 ஒல்லி டயருக்கு ஆள் எடையைப் பொறுத்து 70 முதல் 85, பிள்ளைகளின் 16 அங்குல வண்டிக்கு 25 முதல் 30 போதும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயைச் சைக்கிளில் வைக்காதீர்கள். சைக்கிள் டியூபுக்குள் போகும் காற்று ரொம்பக் கொஞ்சம்; ஒரு நொடி கூடினாலும் வெடித்துவிடும்.

புது டயர் வாங்கப் போகும்போது '26' என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். மலை சைக்கிளின் 26×1.95 டயர் 559 மி.மீ. ரிம்முக்கானது. லேடீஸ் சைக்கிள்களில் வரும் 26×1⅜ டயர் 590 மி.மீ. ரிம்முக்கானது. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. பழைய டயரில் 37-590 என்பது போல இரண்டு எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

செயின், பிரேக், சக்கரம்

செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் சரியாக அரை அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு விழ வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும்.

தேங்காய் எண்ணெய் போடுவது பரவலான பழக்கம். ஒரு வாரம் சத்தமில்லாமல் ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். பழைய எஞ்சின் ஆயிலில் ஏற்கெனவே உலோகத் தூள் கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு ஆயில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியில் இருப்பதை முழுக்கத் துடையுங்கள். ஆயில் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே மினுங்குவது மண்ணைத்தான் பிடிக்கும். கியர் இல்லாத வண்டியில் செயின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். செயினின் இரு முனையையும் இணைக்கும் செயின் லாக் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திருப்பி மாட்டினால் எங்கோ உரசி ஒருநாள் தெறித்துவிடும்.

பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 1 முதல் 2 மி.மீ. கட்டையின் முன் முனை அரை மி.மீ. முந்தித் தொடும்படி சாய்த்து வைத்தால் 'கீச்' சத்தம் போகும். கட்டை டயரைத் தொடவே கூடாது. இரண்டே நாளில் டயரைத் தின்றுவிடும். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ஐப்பசி மழையில் வண்டியை நிறுத்த வழக்கத்தைவிட வெகுதூரம் முன்பே பிரேக்கைத் தொடத் தொடங்குங்கள்.

சக்கரம் கோணியிருந்தால் அதை நிமிர்த்த, அதாவது கோட்டம் எடுக்க, ஸ்டாண்டு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டால் ஃபோர்க்கில் கட்டி, முனை ரிம்மை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வைத்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் இடப்பக்கம் வந்து குச்சியை உரசினால், அந்த இடத்தில் வலப்பக்க ஹப்பிலிருந்து வரும் போக்ஸைக் கால் சுற்று இறுக்கி, பக்கத்திலுள்ள இடப்பக்கத்துப் போக்ஸைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து ஹப்பைப் பார்த்தபடி, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். கோட்டம் எடுக்க ஆரம்பித்தவர்கள் செய்யும் தவறெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்: இறுக்க இறுக்கச் சரியாகும் என்று நினைத்து, சக்கரத்தை அப்பளமாக்கிவிடுவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை ஓவராயில், அதாவது பிரித்துத் துடைத்து கிரீஸ் போட்டு மாட்டுவது. பெரும்பாலான வண்டிகளில் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ், 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, ¼ அங்குலம். பிரிக்கும்போதே எண்ணி எழுதிவையுங்கள். கப்பில் கிரீஸ் பூசி பால்ஸை அடுக்கினால் கடைசியில் ஒரு பாலுக்குக் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். அதை நிரப்ப இன்னொன்றைத் திணித்தால் நெரிசலில் அரைபடும். பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டான கோனை ஆட்டம் போகும் வரை இறுக்கி, துளி பின்வாங்கி, லாக் நட்டைப் போடுங்கள். சக்கரத்தைத் தூக்கி விட்டால் வால்வின் கனத்திலேயே அது கீழே வந்து நிற்க வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் கோன் இறுக்கம்.

கியர் வண்டியின் கியரில், கேபிள் முனையில் இருக்கும் உருளைத் திருகைத் தவிர வேறெதையும் தொடக்கத்தில் தொடாதீர்கள். பெரும்பாலான தகராறு அதை அரைச் சுற்று திருப்புவதிலேயே தீரும்.

பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது

பட்டுப்பாவாடைக்கு டக் பிடித்து வருஷா வருஷம் பிரித்துவிடலாம். சைக்கிளுக்கு அது முடியாது. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரிய வண்டி வாங்கினால், சரியாகும் வரை பிள்ளை பயந்துகொண்டே ஓட்டும். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டை வரை உயர்த்தி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்துபாருங்கள். 36 முதல் 43 செ.மீ. என்றால் 12 அங்குலச் சக்கரம்; 45 முதல் 56 வரை 16 அங்குலம்; 56 முதல் 64 வரை 20 அங்குலம்; அதற்கு மேல் 71 வரை 24 அங்குலம். வயசைவிட இந்த அளவைத்தான் நம்ப வேண்டும். பிரேக் லீவருக்கு விரல் எட்டுகிறதா என்றும் பாருங்கள். லீவர் அடியில் ஒரு சின்னத் திருகு இருந்தால், அதை உள்ளே திருக லீவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும்.

அந்தக் காலத்தில் பெரிய வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குச் சமநிலை முதலில் வந்தது, மிதிப்பது பிறகு வந்தது. வரிசை அதுதான் சரி. பக்கத்தில் மாட்டும் சின்ன உதவிச் சக்கரம் இதைத் தலைகீழாக்குகிறது. வளைவில் சாய வேண்டிய வண்டியை அது சாயவிடாது. பிள்ளை உடம்பை எதிர்ப்பக்கம் தள்ளப் பழகிவிடும். குழியில் இறங்கினால் இரண்டு உதவிச் சக்கரமும் தரையில் நின்று, பின்சக்கரம் காற்றில் சுற்றும்.

ஆகவே இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர். வலது பெடல் வழக்கமான மறை. இடது பெடல் எதிர்மறை, அதாவது கடிகாரச் சுற்றில் திருப்பினால் கழன்று வரும். இது தெரியாமல் இடது பெடலை வழக்கம்போல் இடப்புறம் திருப்பித் திருப்பி மறையை அறுத்த கிராங்குகள் ஊருக்கு ஊர் உண்டு. சீட்டை, இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் படிந்து முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்கு இறக்குங்கள்.

முதல் நாள் நடக்க மட்டும். சீட்டில் உட்கார்ந்தபடி நடக்கட்டும், பிறகு இரண்டு காலாலும் உந்தட்டும். மிக லேசான சரிவுள்ள பள்ளி மைதானம் உத்தமம். புல் வேண்டாம், வண்டி உருளாது. பிரேக்கை அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்: "நான் கையைத் தூக்கினா நீ நிறுத்தணும்" என்று விளையாட்டாக்கினால் பத்து தடவையில் வந்துவிடும். நம் ஊர் வண்டிகளில் வலது கை பெரும்பாலும் முன் பிரேக். மாற்றி மாட்டியிருக்கவும் கூடும், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்கப் பழக்குங்கள். காலைத் தரையில் தேய்த்தே நிறுத்தினால் செருப்புதான் தேயும், பிரேக் பழக்கம் வராது.

கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஏழெட்டு மீட்டர் ஆடாமல் உருள முடிகிறதென்றால் பெடலை மாட்டலாம். சிலருக்கு ஒரு சாயங்காலம், சிலருக்கு இரண்டு வாரம். மாட்டும்போது மறையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். ஓடும்போது ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள், சீட்டையும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் அக்குளுக்கடியில் லேசாகக் கை கொடுங்கள். வண்டியைப் பிடித்தால் அதைச் சமநிலையில் வைப்பது நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும், பின்னந்தலையில் அல்ல. தாடைப் பட்டிக்குள் ஒரு விரல் மட்டும் நுழையட்டும். ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பின்னால் உட்காரவைத்துப் போகும்போது

சைக்கிளில் பிள்ளைகளுக்கு நேரும் மோசமான காயங்களில் ஒன்று, விழாமலே நேர்கிறது. கேரியரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தூங்கிப்போகும், அல்லது காலை உள்ளே மடக்கும். குதிகால் போக்ஸுக்கும் பிரேமுக்கும் நடுவில் சிக்கிச் சதை பிய்ந்துவிடும். பாதம் வைக்கத் தடுப்பும் கால் பட்டையும் உள்ள குழந்தை சீட் இல்லாமல் சின்னப் பிள்ளையைப் பின்னால் ஏற்றாதீர்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் வலைத் தடுப்பு போட்டுவிடுங்கள். சேலை சிக்காமல் இருக்கப் பெண்கள் வண்டியில் போடும் தடுப்பே இதற்கும் ஆகும், ஆனால் அது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். குழந்தை தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட் கனத்தோடு தலையைத் தாங்க வேண்டும். சீட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஏற்றக் கூடாது; பின்பக்க சீட்டுகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான். பிள்ளையை உட்காரவைத்துவிட்டு ஸ்டாண்டை நம்பி ஒரு எட்டுகூட நகராதீர்கள்.

சேர்ந்து ரோட்டில்

ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்றால் பிள்ளை முன்னால் இடப்பக்கம். நீங்கள் ஒரு சக்கரம் பின்தங்கி, வலப்பக்கம் அரை மீட்டர் விலகி. பின்னால் வரும் வண்டிக்கு முதலில் நீங்கள் தெரிய வேண்டும். பெரியவர்கள் இருவர் என்றால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். ரோட்டின் ஓரத்தை ஒட்டி ஓட்டவிடாதீர்கள். தார் முடியும் விளிம்பில் சக்கரம் இறங்கினால் பிள்ளை வலப்பக்கம் வெட்டி ஏறும், லாரிக்கு நேராக. விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே வரட்டும். 'நில்லு', 'லெஃப்ட்', 'பள்ளம்', 'வண்டி வருது': நாலு சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் எப்போதும் அதே சொல்லாக இருக்கட்டும்.

ஏரிக்கரை, கம்மாக்கரை, விடிகாலைத் தேரோடும் வீதி, இவைதான் முதல் பாதை. ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் திரும்புங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதம் போக வர 4 கி.மீ. தாராளம். திரும்பும் வழியில் எதிர்க்காற்று இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் காலையில் சுகமாகப் போன பாதை முற்பகலில் இழுக்கும். தாகம் எடுக்கும் முன்பே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர். பையில் பம்பு, பேட்ச், பிள்ளை சக்கர அளவுக்கான டியூப் ஒன்று. பெரியவர் வண்டிக்குத்தான் எல்லோரும் டியூப் எடுத்துப்போகிறார்கள். பஞ்சராவது சின்ன வண்டி.

வீடு திரும்பியதும் பிள்ளையின் வண்டியையும் நாலு விரல்கடை தூக்கிப் போட்டுப் பாருங்கள், என்ன சத்தம் என்று பிள்ளையே சொல்லட்டும். செயின் துடைக்க அதற்கும் ஆசை வரும், துணியைக் கொடுங்கள். ஆனால் பெடலைச் சுற்றுகிறவரும் செயினில் கை வைக்கிறவரும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் துடைக்கும்போதுதான் விரல் பல்லுக்குள் போகிறது.